உதிரித் தட்டு

போன தேர்தலுக்கு முன்னால் வாக்கு எண்ணும் ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டுக் காலத்தில் எண்ணிய பழைய ஆள், வந்து இரண்டு வார்த்தை பேசட்டும் என்று நினைத்திருப்பார்கள். போனேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். இப்போது எல்லாம் இயந்திரம். பொத்தானை அழுத்தினால் எண் வந்து நிற்கிறது. இதில் நான் என்னத்தைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓர் இளம் வருவாய் ஆய்வாளர் எழுந்தார்.

"சார், போட்டி ரெண்டு பேருக்குத்தான். மூணாவதா நாலாவதா நிக்கறவங்க நம்பரையெல்லாம் ரவுண்டுக்கு ரவுண்டு எதுக்கு சார் படிக்கணும்? அவங்க நிக்கறதே ஓட்டைப் பிரிக்கத்தானே?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆய்வாளர் மேல் கோபமில்லை. அவருடைய வயதில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இல்லை, நேராகச் செய்தே காட்டியவன். பதில் சொல்ல எழுந்தேன், நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தருமபுரி மாவட்டத்தைத் தாண்டாமலே ஓய்வு பெற்றவன். ஆரம்ப வருடங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. சிட்டா நகல், வருமானச் சான்று, தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தால் தாசில்தாரின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஓடுவது, இப்படியே போனது. தேர்தல் வந்தால் மட்டும் எங்களுக்குத் திடீரென்று மரியாதை வரும். நாட்டின் தலையெழுத்தையே நாங்கள்தான் எழுதப் போகிறோம் என்பதுபோல ஒரு நடை வந்துவிடும்.

சீட்டு எண்ணுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். ஒரு வாக்குச் சாவடியின் இரும்புப் பெட்டி மேசைக்கு வரும். அரக்கு முத்திரை உடையவில்லை என்று ஏஜெண்டுகளுக்குக் காட்டிவிட்டுத் திறந்து, சீட்டுகளை மேசையில் கொட்டுவோம். முதலில் மொத்தம் எத்தனை என்று எண்ணி, சாவடி அதிகாரி எழுதி அனுப்பிய எண்ணோடு ஒத்துப் பார்ப்போம். பிறகு சீட்டுகளைப் பிரித்து, எந்தச் சின்னத்தில் முத்திரை விழுந்திருக்கிறதோ அந்த வேட்பாளரின் தட்டில் போடுவோம். ஐம்பது சேர்ந்தால் ஒரு ரப்பர் பேண்ட். சந்தேகமானவை தனியாகத் தேர்தல் அதிகாரிக்குப் போகும். கடைசியில் படிவத்தில் எண்களை எழுதி ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்குவோம். ஒரு மேசைக்கு ஒரு மேற்பார்வையாளர், இரண்டு உதவியாளர்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் ஏஜெண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

விதிப்படி ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும். பள்ளிக்கூட மேசையில் ஏழு தட்டுக்கு இடம் ஏது? அதனால் எங்கள் மூத்தவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கு இரண்டு தட்டு. மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டு. அதற்குப் பெயர் உதிரி. பெரிய தட்டுகள் இரண்டையும் எண்ணிக் கட்டிய பிறகு, உதிரியைக் கண் பார்வையில் மற்றவர்களுக்குப் பிரித்து எழுதுவோம். மொத்தம் ஒன்றிரண்டு உதைத்தால் உதிரியில் சரிக்கட்டிவிடுவோம். யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய இரண்டு பேருக்கும் தங்கள் தட்டு சரியாக இருந்தால் போதும். எண்பதுகளில் நான் மேற்பார்வையாளராகி மேசையில் உட்கார்ந்தபோது, இந்த வேலையில் கை தேர்ந்திருந்தேன். எந்தக் கூடத்திலும் என் மேசைதான் முதலில் முடியும். அதில் எனக்குப் பெருமை வேறு.

இனி ரஹீம் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். கை பம்பு பழுது பார்ப்பதுதான் தொழில். வறட்சி வருடங்களில் ஊர் ஊராக ஆழ்துளை போட்டுக் கை பம்பு வைத்தார்கள் அல்லவா, அவை நின்று போனால் சைக்கிளில் குழாய்ச் சாவியும் தோல் வாஷரும் கட்டிக்கொண்டு இவர் போவார். போன இடத்திலெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறார். சில ஊர்களில் பிள்ளைகள் சிரித்தால் பல் காவி நிறமாக இருந்தது. நாற்பது வயதில் ஆட்களுக்கு முட்டி மடங்கவில்லை. ஒரு டாக்டர் அவரிடம், குற்றம் தண்ணீரில்தான், அதில் கலந்திருக்கும் ஃபுளோரைடு எலும்பில் போய் உட்காருகிறது என்று சொல்லியிருக்கிறார். தான் ஓட வைத்த பம்புகளில் வரும் தண்ணீர்தான் இதைச் செய்கிறது என்று தெரிந்ததும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

எட்டு ஊர்க் கைநாட்டோடு ஒரு மனுவும், எட்டு பாட்டிலில் எட்டு ஊர்த் தண்ணீரும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மனு என் மேசைக்கு வந்தது. பாட்டில்கள் பீரோவுக்கு மேலே போயின. சில வாரம் கழித்துப் பதில் வரைவு எழுதினேன். 'மனுவில் கண்ட குறை ஒரு சிலருக்கு மட்டுமே உள்ளதாகத் தெரிகிறது. தற்போதைக்கு மேல் நடவடிக்கை தேவையில்லை.' ஓர் ஊரையும் போய்ப் பார்க்காமல் எழுதினேன். அப்போதிருந்த அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பாய் இரண்டு பெரிய கட்சிகளிடமும் போனார். "ஜெயிச்சப்பறம் பாத்துக்கலாம் பாய்" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லி அனுப்பினார்கள். தேர்தல் மேடைகளில் அவர்களுக்கு ஒருவரை ஒருவர் திட்டவே நேரம் போதவில்லை. பல்லையும் முட்டியையும் பற்றிப் பேச அங்கே யார் இருந்தார்கள்? அந்தச் சமயத்தில், விவசாயக் கூலிகளை வைத்து நடந்துகொண்டிருந்த ஒரு சின்னக் கட்சிக்கு நிறுத்த ஆள் கிடைக்கவில்லை. பாய் நிற்கிறேன் என்றார். சின்னம் குடை. மழையே எட்டிப் பார்க்காத ஊரில் குடைக்கு ஓட்டா என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சிரித்தேன்.

வேட்பு மனு கொடுக்க வந்த அன்று வராந்தாவில் அவரைப் பார்த்தேன்.

"ஏன் பாய், ஜெயிக்கவா போறீங்க? எதுக்கு இந்த வேலை?"

"ஜெயிக்கறது ஆவுற காரியமாங்க?" என்றார். "உங்க ஆபீஸ் காயிதத்துல 'ஒரு சிலர்'னு எழுதியிருந்துச்சு. அந்த ஒரு சிலர் எத்தினி பேருன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. வூடு வூடாப் போயி நான் எண்ணிக் குடுத்தா நம்ப மாட்டாங்க. ஓட்டுன்னா சர்க்காரே எண்ணி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துரும் இல்லீங்களா? அந்த நம்பர் ஒண்ணு போதுங்க எனக்கு. அதை வச்சி மறுபடியும் மனு எழுதுவேன்."

அந்தக் காயிதத்தை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லது பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எண்ணிக்கை நாள். பள்ளிக்கூடக் கூடத்தில் வரிசையாக மேசைகள். தேர்தல் அதிகாரி வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., வேதாசலம். எங்கள் கோட்டத்துக்கு மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒல்லியான மனிதர், முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றியே பார்த்ததில்லை. கூடத்துக்குள் நுழையும்போது தன் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசல் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். சீட்டுக்குப் பக்கத்தில் மை இருக்கக் கூடாதாம். அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அன்று முழுவதும் உட்காரவில்லை. சந்தேகச் சீட்டு ஒன்றைக் கையில் வாங்குவதற்கு முன் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொள்வார். தீர்ப்பை இரண்டு முறை சொல்வார். ஏன் சார் இரண்டு முறை என்று ஒருவர் கேட்டதற்கு, "முதல் தடவை உங்களுக்கு. ரெண்டாவது, நான் சொன்னது எனக்கே சரியாக் கேட்குதான்னு பாக்கறதுக்கு" என்றார். கிறுக்கர் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

என் மேசைக்கு வலைக்கு அப்பால் பெரிய கட்சிக்காரர்கள் இருவர். ஒருவர் கண்ணாடி போட்டவர், இன்னொருவர் பெரிய மீசைக்காரர். போன வாரம் வரை தெருவில் அடித்துக்கொண்டவர்கள், அன்று ஒரே வெற்றிலைப் பையிலிருந்து பாக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா. பெயர் பச்சம்மா. மாரண்டஹள்ளியில் காய்கறி வாங்கி மூட்டை போட்டு பெங்களூருக்கு லாரி ஏற்றுகிற வியாபாரி. குடைச் சின்னத்தின் ஏஜெண்டு. பாய்க்கு எல்லா மேசைக்கும் ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த மூன்று பேரில் ஒருவர் என் மேசைக்கு வாய்த்தார். எழுத்து அவ்வளவாகத் தெரியாது, ஆனால் நாங்கள் எண்ணும்போது அவரும் வாய்க்குள் "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டே இருந்தார்.

முதல் பெட்டியிலேயே கேட்டுவிட்டார். "ஏங்க சார், எங்க குடைக்குத் தட்டு எங்கீங்க?"

"உதிரியில இருக்குதும்மா. கடைசியில பிரிச்சிக்கலாம்."

"உதிரின்னா?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். "உதிரின்னா உதிரிதாம்மா. சும்மா இரு, சார் வேலையப் பாக்கட்டும்."

மூன்று பெட்டிகளை அப்படியே முடித்தேன். இரண்டு இடத்தில் மொத்தம் உதைத்தது. வழக்கம்போலச் சரிக்கட்டினேன். இரண்டு பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பச்சம்மா போட மாட்டேன் என்றார். அவர் கையெழுத்து இல்லாமலே படிவம் போனது.

நான்காவது பெட்டி புங்கங்கொட்டாய் சாவடியுடையது. பாயின் எட்டு ஊர்களில் ஒன்று, பச்சம்மா பிறந்த ஊரும் அதுதான். பெட்டியைக் கொட்டியபோதே வித்தியாசம் தெரிந்தது. மற்ற ஊர்ச் சீட்டுகள் இரண்டாக மடிந்து தளர்வாக விழும். இவை வெற்றிலைச் சுருள்போல நாலாக, இறுக மடிக்கப்பட்டிருந்தன. பிரித்தால் சீட்டுக்குச் சீட்டு இரண்டு முத்திரை. மேலிருந்து இரண்டாவதாக இருந்த பெரிய கட்சியில் ஒன்று, கீழிருந்து இரண்டாவதாக இருந்த குடையில் ஒன்று. இரண்டு பேருக்குக் குத்தினால் ஓட்டு செல்லாது, இது எண்ணுகிறவனுக்கு முதல் பாடம். ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினேன். நூறைத் தாண்டியது.

"பாவம், குத்தத் தெரியாத ஜனம்" என்றார் மீசைக்காரர்.

"செல்லாதுன்னு எழுதுங்க சார். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் கண்ணாடிக்காரர். இரண்டாவது இடத்திலிருந்த சின்னம் அவருடைய கட்சியுடையதுதான். அவரே விட்டுக் கொடுக்கும்போது எனக்கென்ன? இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அது சரி என்றுதான் நாங்கள் பழகியிருந்தோம்.

பச்சம்மா எழுந்து வலையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அது ரெண்டு குத்து இல்லீங்க. ஒண்ணு நேரா இருக்குது, ஒண்ணு எதிரா இருக்குது. நல்லாப் பாருங்க."

"உக்காரும்மா."

"நான் மூட்டைக்கு முத்திரை போடறவ சார். மை காயறதுக்குள்ள ஒரு மூட்டை மேல இன்னொரு மூட்டைய வச்சிட்டா, என் முத்திரை அடுத்தவன் மூட்டையில எதிராப் பதிஞ்சிரும். அதை வச்சி எத்தினி சண்டை போட்டிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? எங்கூரு ஜனம் ஒரு குத்துதான் குத்தியிருக்குது. வெளிய கட்சிக்காரங்க நிக்கறாங்கன்னு பயந்து, உடனே இறுக்கி மடிச்சிருக்குது. மை அந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு!"

நான் ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டுக்குக் கொடுக்கும் ரப்பர் முத்திரையில் நான்கு கைகள், நான்கும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். குடையிலிருந்த முத்திரையில் கைகள் வலப்பக்கம் வளைந்திருந்தன. மேலே இருந்ததில் இடப்பக்கம். எத்தனையோ தேர்தல்களில் அந்த முத்திரையைப் பார்த்திருக்கிறேன். அது எதற்காக அப்படி வளைந்திருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மடித்தால் எது அசல், எது ஒட்டியது என்று காட்டிக் கொடுப்பதற்காகவே யாரோ ஒரு புண்ணியவான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்!

அதற்குள் ஆர்.டி.ஓ. வந்துவிட்டார். பச்சம்மா சொன்னதை முழுவதும் கேட்டார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு முதல் சீட்டை வாங்கினார். பழைய மடிப்பின் வழியாகவே அதை மறுபடி மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே இருந்த முத்திரையும் கீழே இருந்த முத்திரையும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. பிறகு பூதக்கண்ணாடி. பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து, மடித்ததால் பதிந்த மை ஓட்டைக் கெடுக்காது என்ற பகுதியைச் சத்தமாக வாசித்தார். கண்ணாடிக்காரர் ஒப்பவில்லை. ஆர்.டி.ஓ. பள்ளி உதவியாளரிடம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வரச் சொன்னார். சீட்டில் மேலே இருந்த முத்திரைக்கு எதிரே அதைப் பிடித்து, ஏஜெண்டைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் அந்த முத்திரை திரும்பி, குடை மேல் இருந்தது போலவே நின்றது. அவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"குடை. செல்லும்" என்றார் ஆர்.டி.ஓ. "குடை. செல்லும்."

அடுத்த சீட்டை எடுத்தார். ஒன்று பார்த்தால் நூறையும் பார்த்த மாதிரிதான் என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. விரல் துடைப்பு, மடிப்பு, வெளிச்சம், பூதக்கண்ணாடி, இரண்டு முறை தீர்ப்பு. நூறாவது சீட்டுக்கும் முதல் சீட்டுக்குக் கொடுத்த அதே நேரம். மதியச் சாப்பாடு வந்தது. தக்காளி சாதப் பொட்டலங்கள் ஆறிக் கிடந்தன. மற்ற மேசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஆர்.டி.ஓ. வாயைத் திறப்பதற்குள் பச்சம்மா சொன்னார்: "சார், இது எங்களுது இல்லீங்க. இதுல நேர்முத்திரை மேல இருக்குது. அவங்களுது."

அவர் சொன்னது சரி. அப்படிப் பதினோரு சீட்டு. பதினொன்றையும் பச்சம்மாவே கண்டு சொல்லி கண்ணாடிக்காரரின் கட்சிக்குக் கொடுத்தார். உண்மையிலேயே இரண்டு குத்து விழுந்த சீட்டு மூன்றே மூன்று. அவை மட்டும் தள்ளுபடி. ஒரு கூடத்தில் அத்தனை பேர் மூச்சுவிடாமல் நிற்பதை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. கிறுக்கர் என்று சொன்ன வாயால் அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

முடிந்ததும் மீசைக்காரர் அலுத்துக்கொண்டார். "சார், இதனால யாரு ஜெயிக்கறாங்கங்கறது மாறப் போவுதா? இவ்வளவு நேரம் எதுக்குங்க?"

"மாறாதுங்க" என்றார் ஆர்.டி.ஓ. "ஆனா இவங்க எத்தனை பேருங்கறது மாறுதே. அதைச் சொல்லத்தான் என்னை இங்க போட்டிருக்காங்க."

பிறகு மேசையைப் பார்த்தார். "குடைக்குத் தட்டு எங்கேங்க?"

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய்க்கு வந்தது வேறு. "உதிரியில போட்டேன் சார். முன்னாடி மூணு பெட்டியும் அப்படித்தான். ரெண்டு எடத்துல மொத்தம் உதைச்சுது. சரிக்கட்டினேன்."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. அவர் கத்தவில்லை. "அந்த மூணு பெட்டிச் சீட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நாம திரும்ப எண்ணிடுவோம்" என்றார். நாம என்றார். எல்லா மேசையிலும் ஏழு தட்டு வைக்கச் சொன்னார். தட்டு இல்லாதவர்கள் பிள்ளைகளின் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். மற்ற மேசைகளில் செல்லாது என்று ஒதுக்கியவற்றையும் உதிரியில் எழுதியவற்றையும் மறுபடி பார்க்க வைத்தார். என் மூன்று பெட்டிகளில் மட்டும் குடையின் பத்தொன்பது சீட்டு ஒரு சுயேச்சையின் கட்டுக்குள் கிடந்தது. பத்தொன்பது பேர்! அவர்கள் வெயிலில் வரிசையில் நின்றதைக் காற்றில் விட்டிருப்பேன்.

முடிவைப் படித்தபோது நடு இரவு தாண்டியிருந்தது. ரஹீம் பாய் வராந்தாவில் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மூன்றாவது இடம். நாலாயிரத்துச் சொச்சம். முதல் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைவிட அது பெரிய எண். அதைக் கேட்டதும் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று ஓடினேன்.

"இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க சார்" என்றார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் எண்ணூறுன்னு நெனச்சேன். எட்டு ஊருன்னு நெனச்சேன். இது எட்டு ஊரு இல்லீங்களே. இத்தினி ஊர்லயுமா இருக்குது?"

ஆர்.டி.ஓ. எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்கிறவர், சாவடி வாரியாகவே மறுபடி படித்தார். பாய் ஒருமுறைகூடக் கால் வைக்காத ஊர்களின் பெயரெல்லாம் அதில் வந்தன. பிரச்சாரம் போகாத ஊர், போஸ்டர் ஒட்டாத ஊர். அங்கேயும் பிள்ளைகள் சிரித்தால் தெரிந்திருக்கிறது. சத்தமில்லாமல் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் தெரிந்தவன் என்று திமிரோடு இருந்தவன் நான், அடியில் இப்படி ஒரு ஊர்க் கூட்டமே இருந்தது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

தோற்ற கட்சிக்காரர்கள், பாய் ஓட்டைப் பிரித்துவிட்டார் என்று மாதக்கணக்கில் திட்டினார்கள். அந்த ஆய்வாளர் கேட்டதும் இதுதான். ஓட்டு என்ன இரண்டு பங்காளிகளின் பாகப்பிரிவினைச் சொத்தா, மூன்றாவது ஆள் வந்தால் பிரிந்து போக? பிரிப்பதற்கு அது முதலில் அவர்களுடையதாக இருக்க வேண்டும். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது, இன்றுவரை கிடையாது. பெரிய கட்சிகள் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், ஆட்சி நடத்த அவர்கள் வேண்டும். ஆனால் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிற மேசையில், அந்த இரண்டு பேருக்கும் வசதியான தப்பு சரியாகிவிடும். வெற்றிலைப் பையைப் பகிர்ந்துகொண்டே அது நடந்துவிடும். வலையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தட்டு எங்கே என்று கேட்க மூன்றாவதாக ஒருவர் இருந்தால்தான் எண்ணுகிறவனும் யோக்கியனாக இருப்பான். நான் யோக்கியனானது அப்படித்தான்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டனை கொடுத்தபோது ஆர்.டி.ஓ. ஒரு நாற்காலி காட்டி என்னை உட்காரச் சொன்னார், அவர் நின்றுகொண்டிருந்தார்.

பாய் புது மனுவோடு வந்தார். சாவடி வாரியான முடிவின் சான்றிட்ட நகல் அதில் இணைக்கப்பட்டிருந்தது. இந்த முறை நான் அந்த ஊர்களுக்குப் போய்விட்டு வந்து குறிப்பு எழுதினேன். அதற்குள் ஜெயித்தவரின் ஜீப் ஒரு நாள், தோற்றவரின் ஜீப் மறுநாள் என்று இரண்டு பேரும் புங்கங்கொட்டாய்க்குப் போய் வந்திருந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு இருவருக்குமே அந்த நாலாயிரம் வேண்டும். தண்ணீரைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள், சில பம்புகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்துக் குடிக்காதே என்று எழுதினார்கள். குழாய்த் தண்ணீர் வர வருடக்கணக்கானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மடங்காத முட்டி மறுபடி மடங்கவில்லை.

சோதனைக்காரர்களோடு புங்கங்கொட்டாய்க்குப் போன அன்று, பம்படியில் கூட்டம் கூடியிருந்தது. குடைக்கு மொத்தம் எத்தனை ஓட்டு என்று ஒருவர் கேட்டார். எண்ணைச் சொன்னேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். இடுப்பு வளைந்து, கால் இரண்டும் வில்லாகி, தடியை ஊன்றி ஊன்றி வந்தார். வயது என்னைவிட அதிகம் இருக்காது. பெயர் மாதன் என்றார்கள்.

"சார், நீங்கதான் எங்கூரு பொட்டிய எண்ணினதுங்களா?"

"ஆமாங்க."

"என்னுது செல்லாமப் போயிருச்சுன்னு கடையில சொன்னாங்க. மடிக்கத் தெரியாம மடிச்சிட்டேனாம்." தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "ஓட்டுப் போட வண்டியில தூக்கிட்டுப் போனாங்க சார். முடியாம முடியாமப் போனேன். நீங்க சொன்ன அந்தக் கணக்குல என்னுது இருக்குதுங்களா?"

"எத்தனை குத்து குத்தினீங்க?"

"ஒண்ணுதாங்க. குடை மேல. நல்லா அழுத்திக் குத்தினேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு உடனே நாலா மடிச்சிட்டேன்."

இதே கேள்வியை அவர் முந்தைய தேர்தலில் கேட்டிருந்தால், இருக்கும் என்று பட்டும் படாமல் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியிருப்பேன். அந்த நாலாயிரத்தில் அந்த ஒன்று எங்கே என்று அன்று எனக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் மடித்துப் பார்த்த சீட்டுகளில் ஒன்று அது.

"இருக்குதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, காவி ஏறிய பல் தெரியச் சிரித்துச் சொன்னார்: "இருக்குதாம்."